மதுரையிலிருந்து திரும்பிய பிறகு

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவருக்கு மாரடைப்பு என்று தெரிந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி மதுரைக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. கொல்லம் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டருக்கு மேல். ராஜபாளையத்திலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். இந்தத் தூரத்தின் ஆபத்தைக் குறைக்கத் தமிழ்நாடு செய்திருக்கும் வேலை பெரியது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் வழிவந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை ஏழைக்கும் எட்டச் செய்தன. 2017இல் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ஒன்றிய அரசு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023 ஜூனில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம், நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு உடனே கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகளைக் கிராமத்துத் துணை சுகாதார நிலையம்வரை கொண்டுபோய் வைத்தது. இவ்வளவும் நோயாளியை உயிரோடு மருத்துவமனைக்குள் சேர்ப்பதற்கான ஏற்பாடுகள். அங்கிருந்து ஸ்டென்ட்டோடு வீடு திரும்பியவரின் அடுத்த ஓராண்டுக்கு இப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. மாரடைப்பில் தப்பியவர் பிழைப்பாரா என்பது பெருமளவு அந்த ஓராண்டில்தான் தீர்மானமாகிறது. மருத்துவ ஆராய்ச்சி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இந்த இரண்டு ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் இதய மறுவாழ்வுச் சிகிச்சை தொடங்கப்பட வேண்டும் என்று கேட்பதற்கு அதுவே காரணம்.

சான்றைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே நடந்து, 2017இல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்தியது. நான்கு பெரிய மருத்துவமனைகளை மையமாகவும், அவற்றைச் சுற்றியுள்ள 35 சிறிய மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் இணைத்து, கடுமையான மாரடைப்போடு வந்த 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். இந்த இணைப்புக்கு முன், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர். இணைப்புக்குப் பின் அது 14.2 ஆகக் குறைந்தது. செய்தியாக வந்ததும் பாராட்டப்பட்டதும் இந்த இறக்கம்தான். அதே ஆய்வின் இன்னொரு முடிவை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் இறந்தவர்கள், இணைப்புக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேர்தான். அதில் மாற்றம் எதுவும் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு எளிது. மருத்துவமனைக்குள் இறந்தவர்களைவிட, உயிர் தப்பியாயிற்று என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு இறந்தவர்கள் அதிகம். திட்டத்துக்கு முன்பு இரு மடங்கு. நல்ல திட்டம் வந்த பிறகும் அந்தப் பக்கத்து எண்ணிக்கைதான் கூடுதலாக இருந்தது. ஆம்புலன்ஸும் அவசரப் பிரிவும் எட்டாத இடத்தில், வீட்டுத் திண்ணையிலும் தறிக்கூடத்திலும் பஸ் நிறுத்தத்திலும் நேர்ந்திருக்கக்கூடிய மரணங்கள் அவை.

இந்த முடிவை வேறு விதமாகவும் வாசிக்கலாம் என்பதை மறைக்கக் கூடாது. இணைப்புக்குப் பிறகு அதிகம் பேருக்கு ஆஞ்சியோகிராமும் ஆஞ்சியோபிளாஸ்டியும் கிடைத்தன. ஓராண்டு மரணம் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே இன்னும் அதிகமாக ஸ்டென்ட் வைப்பதுதானே வழி என்று ஒருவர் கேட்கலாம். ஸ்டென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஸ்டென்ட் சரிசெய்வது அடைத்துக்கொண்ட ஓர் இடத்தை. கொழுப்புப் படிவது உடம்பின் பல ரத்தக்குழாய்களிலும் நடக்கிறது. ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மீண்டும் ரத்தம் உறையாமல் இருக்க, ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மாத்திரையையும் மாதக்கணக்கில், வழக்கமாக ஓராண்டு, விடாமல் சாப்பிட வேண்டும். வலி போய்விட்டது, மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, கை வைத்தியம் பார்க்கலாம் என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டால், அரசு காப்பீட்டில் செலவழித்த பணமும் மதுரை மருத்துவர்களின் உழைப்பும் ஒரே நாளில் வீணாகும். ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இதயத் தசை தழும்பாகி, இதயம் விரிந்து, மூச்சிரைப்பில் கொண்டுபோய் விடுவதும் இந்த மாதங்களில்தான். இதைத் தடுக்கவும் தாமதப்படுத்தவும் மருந்துகள் உண்டு. அவற்றின் அளவை நோயாளியின் ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் பார்த்து வாரங்கள்தோறும் படிப்படியாகக் கூட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எழுதிக்கொடுத்த சீட்டையே ஒரு வருடம் மருந்துக்கடையில் நீட்டிக்கொண்டிருந்தால் அது நடக்காது.

உலக அளவில் நிலைமை இதுதான். 2011இல் ‘லான்செட்’ இதழில் வந்த ‘ப்யூர்’ ஆய்வு, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வீடு தேடிப்போய்க் கேட்டது. இந்தியாவையும் உள்ளிட்ட ஏழை நாடுகளின் வரிசையில், நூற்றுக்கு 80 பேர் நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. பணக்கார நாடுகளில் அப்படி இருந்தவர்கள் 11 பேர். இவ்வளவுக்கும் அந்த மாத்திரைகள் எல்லாம் பழையவை, மலிவானவை. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைப்பவை.

மருந்து ஒரு பாதிதான். மறு பாதி, நோயாளி மீண்டும் எழுந்து நடமாடுவது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கடின வேலை தவிர்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். கடினம் என்றால் எது? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டும் விசைத்தறித் தொழிலாளி எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்க்கலாமா? நூற்பாலையில் இரவு ஷிப்டுக்குப் போகலாமா? ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடம் பிடிக்கலாமா? ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறலாமா? கணவன் மனைவி உறவு எப்போது? இவைதான் இந்த ஊர்களின் நோயாளிகள் மனத்தில் வைத்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்பட்டோ கேட்க ஆள் இல்லாமலோ விட்டுவிடும் கேள்விகள். பதில் இல்லாத இடத்தைப் பயம் நிரப்பிவிடுகிறது. ஆணாக இருந்தால் கட்டிலிலேயே உட்காரவைத்து, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிடாமல் பாதுகாக்கிறோம். பெண்ணாக இருந்தால் ஒரு வாரத்தில் அடுப்படிக்கும் அடிபம்புக்கும் திருப்பி அனுப்பிவிடுகிறோம். இரண்டுமே அந்த இதயத்துக்குச் செய்யும் கெடுதல்.

ஓய்வே மருந்து என்ற நம்பிக்கை நம் குடும்பங்களின் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவமே அதைத்தான் நெடுங்காலம் போதித்தது. இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரங்கள் படுக்கையைவிட்டு அசையவிட மாட்டார்கள். 1952இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் 81 நோயாளிகளை முதல் வாரத்திலேயே எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தபோது சக மருத்துவர்கள் அதிர்ந்துபோனார்கள். நோயாளிகள் நன்றாகவே தேறினார்கள். அந்த நாற்காலியிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிதான் இன்று இதய மறுவாழ்வு என்று வளர்ந்திருக்கிறது. அளந்து கொடுக்கப்படும் உடற்பயிற்சி, மருந்துகளைச் சரிபார்த்தல், புகையையும் புகையிலையையும் விடவைத்தல், உணவு, மனச்சோர்வுக்கு ஆறுதல் எல்லாம் சேர்ந்த மூன்று மாதக் கவனிப்பு அது. 2021இல் காக்ரேன் அமைப்பு 85 சோதனைகளை, 23,430 நோயாளிகளின் விவரங்களோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களுக்கு இதய நோயால் நேரும் மரணம் குறைந்தது. அதே சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் அந்தக் குறைவைச் சுமார் நான்கில் ஒரு பங்கு என்கிறார்கள். மறுபடி மாரடைப்பு வருவதும் மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தன. எல்லாக் காரணங்களாலும் நேரும் மொத்த மரணத்தில் தெளிவான குறைவு தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வாளர்கள் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான், ஒரு நடைப் பயிற்சியும் ஒரு செவிலியரின் கவனிப்பும் இவ்வளவு தருமானால் அதை மறுப்பது அநியாயம் என்கிறேன். இதே பலனை ஒரு மாத்திரை தந்திருந்தால், அதன் விளம்பரம் ராஜபாளையம் பஸ் நிலையம்வரை வந்திருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குப் பொருந்தும், டிரெட்மில்லும் பயிற்சிக்கூடமும் நமக்கு எங்கே என்ற ஆட்சேபம் அடுத்து வரும். இந்தியாவிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். டாக்டர் டி. பிரபாகரன் தலைமையில் 24 மருத்துவமனைகளில், 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ‘யோகா கேர்’ ஆய்வு 2020இல் வெளியானது. மூன்று மாதத்தில் 13 வகுப்புகள். பிறகு வீட்டில் செய்துகொள்ள வேண்டியது. மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில், பயிற்சி பெற்றவர்களிடம் நூற்றுக்கு 6.7, மற்றவர்களிடம் 7.4. புள்ளியியல் அளவுகோலில் இந்த வேறுபாடு போதாது. ஆகவே யோகா மாரடைப்பைத் தடுக்கும் என்று இதைக் காட்டிப் பேசுவது தவறு. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நலத்தை மேலாக உணர்ந்தார்கள். நோய்க்கு முன் செய்துவந்த அன்றாட வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். தினக்கூலியில் வாழும் ஒருவருக்கு வேலைக்குத் திரும்புவது சின்ன விஷயமல்ல. குடும்பத்தின் சோறு அது. இன்னும் முக்கியமானது, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டெனிஸ் சேவியரும் அவரது குழுவினரும் 2016இல் வெளியிட்ட ‘ஸ்ப்ரெட்’ ஆய்வு. 14 மருத்துவமனைகள், 806 நோயாளிகள். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மருத்துவமனையிலும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டிலும் நோயாளியைச் சந்தித்துப் பேசினார்கள். செய்தது அவ்வளவுதான். ஓராண்டு முடிவில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் அவர்கள் பார்த்த குழுவில் நூற்றுக்கு 97, மற்ற குழுவில் 92. ரத்த அழுத்தமும் குறைந்தது. நமக்குக் கட்டுப்படியாகும் வழி எது என்று இந்த ஆய்வு காட்டிவிட்டது.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று இருக்கிறது. நெஞ்சுவலி வந்தவரே நேரத்துக்கு வந்து சேராத ஊரில், வந்து பிழைத்தவருக்கு நடைப் பயிற்சி சொல்லித்தருவது எந்த முறையில் முன்னுரிமை? 2008இல் ‘லான்செட்’ வெளியிட்ட ‘கிரியேட்’ பதிவேடு, இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 பேரைப் பார்த்தது. கடுமையான மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனையை எட்ட எடுத்துக்கொண்ட நேரம் பாதிப் பேருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அதனால் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை இந்த ஊர்களிலேயே போட்டுவிட்டு, பிறகு மதுரைக்கோ வேறு மையத்துக்கோ ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பும் முறை இங்கே கட்டாயம் வேண்டும். தூரத்தால் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காதவர்களுக்கு அந்த முறை ஈடாக நிற்கிறது என்று 2013இல் வந்த ‘ஸ்ட்ரீம்’ சோதனை 1,892 நோயாளிகளிடம் காட்டியது. ஆஸ்பிரினின் அருமையோ 1988இல் 17,187 பேரிடம் நடந்த ‘ஐசிஸ் 2’ சோதனையிலேயே தெரிந்துவிட்டது. ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் 14 மாத்திரைகளில் இரண்டு ஆஸ்பிரின் இருப்பது அதனால்தான். ஆக, அவசர சிகிச்சையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் கிரியேட் பதிவேடு வேறொன்றையும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளவர்களில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. கொடுக்கப்பட்ட சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்ததும் அந்த இடைவெளி மறைந்துபோனது. ஏழையின் இதயம் இயல்பிலேயே பலவீனம் என்பதல்ல. அவருக்குக் கிடைத்த மருத்துவம் குறைவு. மதுரையில் கிடைத்த சிகிச்சையில் காப்பீடு அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்திருக்கிறது. வீடு திரும்பிய பிறகான மாதங்களில் அதே குறை அப்படியே நிற்கிறது. வசதியுள்ளவர் மாதம் ஒரு முறை மதுரைக்குக் காரில் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவார். தறித் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். இரண்டு முறை போவார், மூன்றாம் முறை போக மாட்டார்.

அவரை யார் பார்ப்பது என்று கேட்டால், அந்த ஆட்கள் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அதில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. 2020இல் மாநிலத்தில் எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் 17 ஆனது. இன்னும் மிகக் குறைவுதான். ஆனாலும் வீடு தேடிப் போனால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை. இதே பணியாளரின் கையேட்டில் ‘மாரடைப்பு வந்து திரும்பியவர்’ என்று ஒரு தனிப் பக்கம் சேர்த்து, மாத்திரைகள் எல்லாம் தொடர்கின்றனவா, மூச்சிரைப்பு உண்டா, காலில் வீக்கம் உண்டா, பீடி நின்றதா என்று கேட்கவைப்பது எந்தப் புதிய கட்டடமும் கேட்காத வேலை. மருத்துவமனைப் பக்கத்தில் தேவைப்படுவதும் அதிகமில்லை. நோயாளியின் திறனை அளக்க ‘ஆறு நிமிட நடை’ என்று ஒரு சோதனை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. முப்பது மீட்டர் நீளத்தில் ஒரு வராந்தா, ஒரு கடிகாரம், ரத்த அழுத்தக் கருவி, பக்கத்தில் இசிஜி இயந்திரமும் ஒரு மருத்துவரும். அங்கே அளந்து, வீட்டில் எவ்வளவு நடக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, சில வாரங்களுக்கு ஒரு முறை வரச்சொன்னால் போதும். நிலையத்துக்கு வந்து செய்வதையும் வீட்டிலிருந்தே செய்வதையும் ஒப்பிட்ட சோதனைகள் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றே காட்டுகின்றன. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பாதையில் தானாகக் காலெடுத்து வைக்க நோயாளிக்குத் துணிச்சல் வராது. முதல் ஆறு நிமிடங்களை அவர் ஒரு மருத்துவரின் கண்முன் நடக்க வேண்டும். பயிற்சியின்போதே ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்துக்கும் இதுதான் பதில்: ஆபத்து அதிகமுள்ளவரை முன்கூட்டியே பிரித்தெடுத்து மருத்துவமனையிலேயே வைத்துப் பயிற்சி கொடுப்பது இந்த முறையின் முதல் படி.

ஆலை முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1936இல் ராஜபாளையம் மில் தோன்றிய காலத்திலிருந்து நூலும் துணியும்தான் இந்த ஊரை வளர்த்தன. இ.எஸ்.ஐ. திட்டப்படி, பதிவான தொழிலாளிக்கு நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். 91 நாள் என்பது பதின்மூன்று வாரம். இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஆராய்ச்சி சொல்லும் காலமும் ஏறக்குறைய அதுதான். பணம் கொடுத்து வாங்கிவைத்திருக்கும் இந்த விடுப்பை இப்போது கட்டிலில் கழிக்கவிடுகிறோம். முடிந்ததும் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஷிப்டுக்கு அனுப்புகிறோம், அல்லது இனி இவர் வேலைக்கு ஆகமாட்டார் என்று கணக்கை முடிக்கிறோம். விடுப்பின் முடிவில் ஒரு நடைச் சோதனை, அதற்கேற்ற பிரிவில் வேலை, முதல் சில மாதங்களுக்கு இரவு ஷிப்டிலிருந்து விலக்கு ஆகியவற்றை ஆலைச் சங்கங்களே முடிவெடுத்துச் செய்யலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் தறிக்கூடங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. அந்தத் தொழிலாளிக்கு விடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. பதினைந்தாம் நாள் தறிமேடைக்கு வந்துவிடுவார். அரசு மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவு முதலில் அவருக்காகத்தான் வேண்டும். அது மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும் என்பதும் அவர் காரணமாகத்தான்.

ஆராய்ச்சி என்றாலே சென்னை, வேலூர், பெங்களூரு என்று எண்ணிப் பழகிவிட்டோம். மேலே சொன்ன தமிழ்நாட்டு ஆய்வின் பலம் எதில் இருந்தது என்று பார்த்தால், நோயாளியை ஓராண்டு கழித்தும் தேடிப்போய் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டதில்தான். அந்த வேலையை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அரசு மருத்துவமனைகள் விருதுநகர் மருத்துவக் கல்லூரியின் துணையோடு செய்ய முடியும். மாரடைப்போடு வந்த ஒவ்வொருவரையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கட்டும். மதுரைக்கு அனுப்பியவர், அங்கிருந்து திரும்பியவர், தனியாரிடம் போய்வந்தவர் எல்லாரையும். முப்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு என மூன்று முறை விசாரிக்கட்டும். உயிரோடு இருக்கிறாரா, மாத்திரை தொடர்கிறதா, வேலைக்குப் போகிறாரா என்று மூன்றே கேள்விகள். பயிற்சிக்கு வந்தவர்கள், வராதவர்கள் என்று பிரித்து அந்தக் கணக்கை ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும். வராதவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். பல நாடுகளில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பப்படுவதில் பெண்களே பின்தங்கியிருக்கிறார்கள், நூற்பாலைகளில் அவர்கள் இத்தனை பேர் வேலை பார்க்கும் இந்த ஊரில் அது நடக்க விடக் கூடாது. இந்தத் தொகுதிகளில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேப் கேட்பவர்கள், அந்தக் கோரிக்கையோடு ஒரு வராந்தாவையும் ஓர் இயன்முறை மருத்துவரையும் இந்தப் பதிவேட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.